மேலைநாட்டுப் பெயர்கள் தமிழில்

ஐரோப்பியர் பெயர்களையும் விவிலியப் பெயர்களையும் தமிழில் எழுதி ஒலிக்கும் மரபு இரு வழிப்பட்டது. ஒன்று பொருளைப் பெயர்ப்பது. மற்றது ஒலியைத் தமிழுக்கு இசைவிப்பது. வடசென்னையில் முதலாவதற்கு இராயபுரமும், அடுத்ததற்குத் திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையும் சான்று.

இராயபுரம் என்பது புனித இராயப்பரின், அதாவது பேதுருவின், பெயரால் அமைந்தது. படகுத் தொழிலாளர்கள் பொருள் திரட்டி எழுப்பிய அவரது தேவாலயம் அங்கு உள்ளது. பேதுருவின் கிரேக்கப் பெயரான பெத்ரோஸ் என்றால் பாறை. தெலுங்கில் ராயி என்றால் கல். அதனுடன் அப்பர் சேர்ந்து இராயப்பர் ஆயிற்று என்பதே பொருத்தமான விளக்கம். இலத்தீனில் பவுலுஸ் என்பது சிறியவரைக் குறிக்கும். அதனால் பவுல், சின்னப்பர் ஆனார். ஆண்டவர் அருளுடையவர் எனப் பொருள்படும் யோவான், அருளப்பர் ஆனார்.

இம்முறையை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் வீரமாமுனிவர் (1680–1747). உறுதியைச் சுட்டும் கொன்ஸ்தான்சோ என்ற தம் பெயரையே தைரியநாதர் என மாற்றிக்கொண்டார். தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றும், திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றும் அழைத்தார். அயற்பெயர் என்ற உணர்வே எழாதபடி செய்யுளில் பொருந்திய இப்பெயர்களுக்கு நிகராக வேறெதையும் சொல்வதற்கில்லை.

ஒலிவழிப் பெயர்கள் முதலில் கடற்கரையில் போர்த்துகீசியரிடமிருந்து செவிவழியே வந்தவை: ஜொசே சூசையாகவும், சந்தியாகோ சந்தியாகாகவும், தொமே தொம்மையாகவும் மாறின. ரகர, லகரம் மொழிமுதலில் வாராமையால் இராயப்பர், இலாசர் என இகரம் முன்வரும். வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாமையால் தாவீது, யாக்கோபு என உகரம் பின்வரும். ஜப்பானியரும் ஸ்மித்தைச் சுமிசு என்று உயிரொலியில்தான் முடிக்கின்றனர்.

1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் காலட்பேட்டை. இறுதி டகரம் நில்லாது, மக்கள் வாயில் அது காலடிப்பேட்டை ஆனது. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலையும் அவரோடு இணைத்தே சொல்வர்.

சீர்திருத்தச் சபையினர் பேதுரு, பவுல் என்ற ஒலிவடிவங்களையே கையாண்டனர். கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் ஆகிய இரு சபையாருக்கும் பொதுவாக 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவற்றையே ஏற்றது. இராயப்பன், சின்னப்பன், அருளப்பன் ஆகியவை மக்கட்பெயர்களாக இன்றும் உள்ளன. தற்போது கிரந்த எழுத்துகளும் ஃபகரமும் கொண்டு எழுதுவது பெருகியுள்ளது.