கை அறிந்ததை ஏடும் அறியட்டும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காயின் மணத்தால் உலகறிந்த ஊர். மலைமேல் தோட்டங்கள், மலைக்குக் கீழே அவற்றின் விளைச்சலுக்கு விலை கூறும் சந்தை. கம்பம் பள்ளத்தாக்கின் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இம்மலைச்சரக்கு வாணிகத்தோடு நெடுநாள் உறவுண்டு.

இத்தொழிலில் ஏட்டில் ஏறாத அறிவு மிகுதி. ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். சூடு மிகுந்தால் காயின் பசுமை கெடும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பக்குவத்தைக் கையால் தொட்டே சொல்லிவிடும் பெரியவர்கள் உண்டு. ஆனால், எழுதி வைக்கப்படாத அறிவு அதனை உடையவரோடு கபுறுக்குள் சென்றுவிடுகிறது. இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இம்மலைகளைப் பற்றி நூல் எழுதியோர் முன்பே இல்லாமலில்லை. ஏலமலைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ஜான் டேனியல் மன்றோ, 1877 ஆம் ஆண்டில் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். 1880 இல் திருவிதாங்கூரின் உயர்மலைகளைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். மலையில் வாழ்ந்தவரே எழுதிய நூல் என்பது அதன் சிறப்பு. எனினும் அது ஆங்கிலத்தில் அமைந்தது. காய் பறித்தவருக்கும் சுமை சுமந்தவருக்கும் எட்டாக்கனியாயிற்று. தொழிலறிந்தவர் எழுதினால் மட்டும் போதாது, தொழில் செய்வோரின் மொழியில் எழுதவேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம். பாமரருக்கும் பெண்மக்களுக்கும் விளங்கவேண்டும் என்றே அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோர், இப்பாடத்தை நன்குணர்ந்திருந்தனர்.

இன்று இதே கேள்வி வேறு உருவில் நம்முன் நிற்கிறது. வாய்விட்டு விலை கூறி நடந்துவந்த ஏலம், 2007 ஆம் ஆண்டு முதல் மின்னணு ஏலமாக மாறத் தொடங்கியது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில், வணிகர் ஒவ்வொருவரும் மாதிரிக் காயைப் பார்த்துவிட்டுத் தம் முன்னுள்ள கணிப்பொறியில் விலையைப் பதிகின்றனர். குரல் ஓய்ந்தது, விசை பேசுகிறது. அந்த விசைக்குப் பின்னே இயங்கும் மென்பொருள் எவ்வாறு அமைந்தது என்பதை, ஏலம் கேட்கும் வணிகரின் மகன் எந்த மொழியில் கற்பான்?

மென்பொருள் எழுதுவோரே நூலாசிரியராக உயர்ந்த வரலாறு உலகில் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பிரையன் கெர்னிகன், உடன் பணியாற்றுவோர் கற்பதற்காகச் சிறிய பாடக் குறிப்புகளை எழுதினார். பின்னர் ‘சி’ மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்சியோடு இணைந்து 1978 இல் அம்மொழிக்கு நூல் செய்தார். அளவில் சிறிய அந்நூலே உலகெங்கும் எண்ணற்றோருக்கு ஆசானாயிற்று. பக்கத்து மேசைக்காரருக்கு எழுதிய குறிப்புத்தான் பெருநூலுக்கு வித்தானது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

தமிழிலும் இப்பாதை புதியதன்று. 1935 ஆம் ஆண்டில் பிறந்த இருவரை இங்கு நினைவுகூர்வோம். ஒருவர், சுஜாதா என்னும் பெயரில் எழுதிய ரங்கராஜன். டாக்டர் அப்துல் கலாம் பயின்ற சென்னை எம்.ஐ.டி.யில் பயின்று, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்ட பொறியாளர். பகலில் மின்சுற்றுகளோடு உழைத்த அவரே, ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ போன்ற நூல்களால் கணிப்பொறியைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகம் செய்தார். மற்றவர், நம் சமுதாயம் பெருமை கொள்ளும் மணவை முஸ்தபா. ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் உழைத்த அவர், கணினிக்கெனக் கலைச்சொல் அகராதியையும் ஆக்கித் தந்தார். முன்னவர் நடையைத் தந்தார். பின்னவர் சொல்லைத் தந்தார்.

இவர்களுக்குப் பின் வந்தவர்களுள் மென்பொருள் துறையினரான து. நித்யா குறிப்பிடத்தக்கவர். 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ இதழில் கட்டுரைகள் எழுதிய இவர், தரவுத்தளம், லினக்ஸ், இயந்திரவழிக் கற்றல் ஆகியவற்றை ‘எளிய தமிழில்’ என்னும் தலைப்பு வரிசையில் நூல்களாக்கினார். எவரும் படியெடுக்கலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்ற உரிமத்தோடு அவை மின்னூல்களாக வெளிவந்தன. மன்றோவின் நூல் எட்டாத இடத்தையும் இந்நூல்கள் எட்டுகின்றன. விலையும் தடையன்று, மொழியும் தடையன்று. தாம் நாள்தோறும் கையாளும் கருவியைப் பற்றி ஒரு கட்டுரை, அதனைத் தொடர்ந்து மற்றொன்று, பின்பு நூல்: இதுவே இவர் நடந்த வழி. இதில் மாயம் ஏதுமில்லை, விடாமுயற்சி உண்டு.

போடியில் 2012 ஆம் ஆண்டு அரசு பொறியியற் கல்லூரி தோன்றியது. ஏலத்தோட்ட உரிமையாளர் சங்கத்தின் பெயர் தாங்கிய கல்லூரியும் அங்குண்டு. இவ்வட்டாரத்திலிருந்து படித்துச் சென்று சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகள் பலர். அவர்கள் ஈட்டும் பொருள் வீட்டை நிறைக்கிறது; நன்று. ஈட்டிய அறிவோ ஊரை நிறைக்கவேண்டாமா? அலுவலில் ஒரு சிக்கலை அவிழ்த்த அன்றே, அது எவ்வாறு அவிழ்ந்தது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி வைக்கட்டும். அதனைத் தம்பிக்கோ தங்கைக்கோ படித்துக் காட்டி, புரியாத இடத்தைத் திருத்தட்டும். நூறு பக்கம் சேர்ந்தால் அதுவே நூல்.

பெற்றோருக்கும் இதில் கடமையுண்டு. சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் நாம், என்ன எழுதினாய் என்றும் பிள்ளையைக் கேட்போம். பொருளைப் பகிர்ந்தால் கையிருப்புக் குறையும். அறிவைப் பகிர்ந்தாலோ கொடுத்தவரிடமும் அது வளரும். அவருக்குப் பின்னும் வாழும்.