பியானோ மேடையும் மாடவீதியும்

உலகம் சுற்றும் பியானோ கலைஞரையும் திருவண்ணாமலையில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் நாகசுர வித்வானையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவான சில உடனே தெரியும். இருவரும் பிள்ளைப் பிராயத்திலேயே தொடங்கியவர்கள். சாதகத்தை விட்டால் விரல் பேசாது என்று அறிந்தவர்கள். தொழில் என்று வரும்போது இருவர் கவலையும் எதிரெதிர்த் திசையில் போகிறது. பியானோ கலைஞருக்கு எவ்வளவு நேரம் வாசிப்போம் என்பது தெரியும், எந்தக் கருவியில் என்பது தெரியாது. நாகசுரக்காரருக்குக் கருவி கைக்குள், நேரம் ஊர் கையில்.

பெரிய அரங்குகளில் நிற்கும் ஸ்டெய்ன்வே ‘டி’ வகைப் பியானோ 274 செ.மீ. நீளம், ஏறத்தாழ 480 கிலோ எடை. 1986இல் பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் தம் சொந்தப் பியானோவை நியூயார்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு எடுத்துப்போனார். அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலோர் போன ஊரில் இருக்கும் பியானோவோடு சில மணி நேரத்தில் பழகிக்கொள்ள வேண்டும். கட்டை எவ்வளவு கனம், மிதியை எதுவரை அழுத்தினால் நாதம் நீளும் என்று பார்த்து, சுருதி கூட்டுபவரிடம் சொல்லிச் சரிசெய்வதிலேயே மதியம் போய்விடும்.

நாகசுரம் ஆச்சா மரத்தில் கடைந்தது. தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கலாம். உயிர் இருப்பது வாயில் வைத்து ஊதும் சீவாளியில். எச்சிலில் நனைத்து, ஊசியால் அதன் வாயைச் சற்றே விரித்து, ஊதிப் பார்த்துத் திருப்தியானால்தான் வித்வான் புறப்படுவார். சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ள வேறு சீவாளிகள் கருவியிலேயே கட்டித் தொங்கும். பியானோவின் 88 கட்டைகளும் சுருதி கூட்டியபின் தத்தம் இடத்தைவிட்டு அசையா. நாகசுரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள். கமகத்துக்கு வேண்டிய இடைவெளிகளை மூச்சும் உதடும் விரலும் சேர்ந்து உண்டாக்க வேண்டும்.

நேரக் கணக்கு இதற்கு நேர்மாறு. பியானோ கச்சேரியின் நிரல் பல மாதங்களுக்கு முன்பே அச்சாகிவிடும். எழுதிவைத்த படைப்பு, குறித்த மணி, நடுவில் ஓர் இடைவேளை. இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கும் சபை.

கார்த்திகை தீபத் திருவிழாவில் மாடவீதிக்கு வாருங்கள். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. மண்டகப்படியில் நிற்கும்போது தோடியோ கல்யாணியோ ஆலாபனை தொடங்கும். எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிப்பவை அர்ச்சனைத் தட்டுகள். சுவாமியைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் தண்டைத் தோளுக்கு ஏற்றினால், எட்டிப் பிடிக்க இருந்த சஞ்சாரத்தை விட்டு, அறுந்தது தெரியாமல் முடித்து, தவிலோடு நடக்க வேண்டும். தேரோட்டத்தன்று தேர் நின்றுவிட்டால் அதே ராகத்தை இன்னும் விரிக்க வேண்டும். நீட்டவும் சுருக்கவும் வரும் கற்பனை இங்கே அலங்காரமாக இல்லை, பிழைப்பே அதுதான்.

பெயர் வரும் வழியும் வேறு. பியானோவில் போட்டிகள் கதவைத் திறக்கின்றன. 1927இல் வார்சாவில் தொடங்கிய ஷோப்பேன் போட்டி இன்றும் பெரிய வாசல். 1958இல் மாஸ்கோ சைகோவ்ஸ்கி போட்டியில் 23 வயதில் வென்ற வேன் கிளைபர்னை நியூயார்க் தெருவில் ஊர்வலமாக வரவேற்றார்கள். நம் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றதும் உலகம் அறிந்தது. நாகசுரத்தில் பெயர் தருவது நடுவர் மேசை இல்லை. இந்த வருஷம் கேட்டவர்கள் அடுத்த வருஷமும் கூப்பிடுவதுதான் தேர்ச்சி. தனிக்கச்சேரி மேடையில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அடைந்த புகழுக்கும் அடியுரம் கோயில் வாசிப்பே. இன்று திருவண்ணாமலை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு நாகசுரம் படிக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு நடுவே நின்று ராகத்தை அளந்து வாசிக்கும் பழக்கத்தை வீதிதான் தர வேண்டும்.

எந்த வாழ்வு உயர்ந்தது என்ற கேள்வியில் பயனில்லை. யாருக்கு யார் துணை நிற்கிறார்கள் என்று கேட்கலாம். பியானோ கலைஞர் வாசிக்கத் தேவையான அமைதியைக் காக்க அரங்கம், முகவர், சுருதி கூட்டுபவர், வாசற்காவலர் என்று ஒரு படையே உண்டு. நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி அலறுகிறது. பல கோயில்களில் தீபாராதனைக்கு மின்சார மேளம் வந்துவிட்டது. மண்டகப்படி நடத்தும் உபயதாரர் ஒலிபெருக்கியைக் கால் மணி நேரம் நிறுத்தச் சொன்னால், செலவில்லாமலேயே ஒரு ராகத்துக்கு அரங்கம் கிடைத்துவிடும்.