கடுகண்ணாவைக் கணவாய்

கொழும்பு–கண்டி நெடுஞ்சாலை (ஏ1) மலைநாட்டுக்குள் ஏறும் வாயில். தார் பாலைவனத்தில் ஒட்டகம் சுமந்த பாரத்தை இலங்கை மலைநாட்டில் பொதிமாடு சுமந்தது. கண்டி அரசுக் காலத்தில் கரையோர உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் மேலேறின, பாக்கு கீழிறங்கியது. சக்கரம் உருள வழியில்லாத ஒற்றையடிப் பாதைகளில், வரிசையாக நடந்த அந்த மாடுகளே மலைநாட்டு வணிகத்தைத் தாங்கின. களைத்த வழிப்போக்கர் தங்க அம்பலங்கள் இருந்தன. கடுகண்ணாவை அம்பலம் இன்றும் சாலையோரம் நிற்கிறது. கணவாயில் முதலில் பார்க்க வேண்டியது அதுவே.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் இங்கே சாலை அமைத்தார். அதற்காகக் குடைந்த பாறை வாயில் இன்றும் உள்ளது. பாறையைத் துளைத்து வழி அமைப்பவரே கண்டியை வெல்வார் என்ற பழங்கதையும் வழங்குகிறது. 1829இல் இறந்த டோசனுக்கு 1832இல் எழுந்த நினைவுக் கோபுரத்தினுள் மரச் சுழற்படி உண்டு.

1867இல் ரயில் கண்டியை எட்டியது. தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2014இல் கடுகண்ணாவையில் திறக்கப்பட்டது.

தார் பாலைவனத்தில், ஜெய்சல்மேருக்கு மேற்கே உள்ள சாம் மணல்மேடுகளில் ஒட்டகச் சவாரி தரும் இன்பம், விலங்கின் நடைவேகத்தில் நிலத்தைப் பார்ப்பது. கணவாயில் அதற்கு ஈடு நடைப்பயணமே. தொலைவில் தெரியும் பைபிள் பாறை வளைவுக்கு வளைவு வேறு வடிவம் கொள்வதை வாகனத்தில் விரைபவர் காண்பதில்லை.