சவர்க்காரமும் சமூகமும்: அளவெட்டியை முன்வைத்துச் சில சிந்தனைகள்

மேனியைப் பேணுவதற்கு இயற்கைப் பொருள்களைக் கைக்கொள்வதா, இரசாயனச் சேர்க்கைகளால் ஆக்கப்பட்டவற்றை நாடுவதா என்னும் வினா, இன்று பெரும்பாலும் தனிமனித விருப்பம் பற்றிய ஒன்றாகவே எழுப்பப்படுகின்றது. விருப்பம் எதுவும் வெற்றிடத்தில் தோன்றுவதில்லை. எப்பொருள் கைக்கெட்டியது, அதனை ஆக்கியோர் யாவர், பயன்படுத்தும் உரிமை யாருக்கு இருந்தது என்பன வரலாற்று வினாக்களாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அளவெட்டிக் கிராமத்தையும் அதன் அயலையும் முன்வைத்து இவ்வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

நாதசுர, தவிற் கலைஞராலும் மஹாகவி உருத்திரமூர்த்தியின் பிறப்பாலும் பெயர்பெற்ற அளவெட்டி, அடிப்படையில் ஒரு விவசாயக் கிராமமாகும். செம்மண்ணும் அதன் கீழுள்ள சுண்ணக்கல்லும் கிணற்று நீருமே அதன் பொருளாதாரத்தின் ஆதாரங்கள். சுண்ணக்கல்லினூடே ஊறும் நீர் கடினநீராதலின், சவர்க்காரம் அதில் எளிதில் நுரைக்காது. சுண்ணத்துடன் சேர்ந்து கசடாகப் படியும். சீயாக்காயின் நுரைக்கும் சத்தோ அவ்வாறு படிவதில்லை. சீயாக்காய், அரப்பு, பயற்றம்மா, மஞ்சள், வேப்பிலை, நல்லெண்ணெய் என்பவற்றின் வழக்காற்றை வெறும் மரபுப் பற்றாக மட்டும் கருதுவது பொருந்தாது. நிலத்தின் இயல்போடு இணைந்த உழைப்பின் அறிவும் அதனுள் அடங்கியிருந்தது.

ஆயினும் இவ்வறிவைக் கொண்டு கடந்த காலத்தைப் பொற்காலமாகக் காட்ட முனைவது வரலாற்றுக்கு மாறானதாகும். எந்த மூலிகையும் நீரின்றிப் பயன்தராது. நிலமானியச் சாதியமைப்பிலோ கிணறு உடைமையாளரிடம் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுக் கிணறுகளிலும் நீர் அள்ள இயலாது தடுக்கப்பட்டனர். ஊரின் அழுக்கை அகற்றிய சலவைத் தொழிலாளரே 'துடக்கு' உடையோராக ஒதுக்கப்பட்டனர். தூய்மையை உழைப்பால் உண்டாக்கியோருக்குத் தூய்மை மறுக்கப்பட்டமை அச்சமூகத்தின் அடிப்படை முரண்பாடுகளுள் ஒன்று. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் நிலைமை தானாக மாறிவிடவில்லை. அளவெட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968 இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ வேண்டியிருந்தமை இதற்குச் சான்று பகரும். குளித்துத் தூய ஆடை அணிந்து வந்தவரையும் 'தூய்மையற்றவர்' எனத் தடுத்த வேலி, உடலின் அழுக்கைப் பற்றியதன்று என்பதை அப்போராட்டம் அம்பலப்படுத்தியது.

சவர்க்காரத்தின் வருகையை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். 1791 இல் பிரான்சில் லெபிளாங் உப்பிலிருந்து சோடா ஆக்கும் முறைக்கு உரிமம் பெற்றமை பேரளவுச் சவர்க்கார உற்பத்திக்கு வழிசமைத்தது. 1884 இல் இங்கிலாந்தில் லீவர் நிறுவனத்தாரின் 'சன்லைற்' சந்தைக்கு வந்தது. அந்நிறுவனம் எண்ணெய்க்காக 1911 இல் பெல்ஜியக் கொங்கோவில் கால் பதித்தபோது, அங்கே செம்பனைக் குலைகளைப் பறித்தோர் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். தாவர எண்ணெயிலிருந்து பிறந்த பண்டம் என்பதனால் அதன் உற்பத்தி உறவுகள் மனிதத்தன்மை பெற்றுவிடவில்லை. அதேவேளை, விலைகொடுத்து வாங்கியவரின் சாதியைச் சவர்க்காரக் கட்டி வினவவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பண்ட உறவு பழைய தளைகளைத் தளர்த்தும். புதிய தளைகளையும் பூட்டும்.

உள்ளூர் முயற்சிகளும் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் 'மில்க்வைற்' சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய கனகராசா, 'மில்க்வைற் செய்தி' என்னும் இதழை வெளியிட்டதோடு பனை நடுகையையும் ஊக்குவித்தார். 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு, குடாநாட்டின் வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்குப் போலவே உள்ளூர்க் கைத்தொழிலுக்கும் இடமளித்தது. 1977 இன் திறந்த பொருளாதாரம் அவ்விடத்தைச் சுருக்கிற்று. இதற்குச் சற்று முன்னர், 1975 இல், இந்தியாவில் 'ஃபெயார் அன்ட் லவ்லி' அறிமுகமாகியிருந்தது. அழுக்கு நீக்கும் பண்டத்தை அடுத்து, பிறவி நிறத்தையே குறையாக்கும் பண்டம் வந்தது. 2020 இல் அதன் பெயர் மாற்றப்பட்டது. வெண்மை வேட்கை முடிந்துவிடவில்லை.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. சவர்க்காரம் கிடைத்தற்கரியதாகி, விலை எட்டாததாயிற்று. மக்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தனர். அவ்வுடைகளின் வாசனைக்கு மாடுகள் பின்தொடர்ந்தன என்பதை இன்றும் நகைப்போடு நினைவுகூர்வோர் உளர். இந்நகைப்பின் அடியில் உறைவது வேதனை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கிச் சென்றபோது, குளிப்பதற்குரிய நீரே அரும்பொருளானது. இக்காலத்தில் இயற்கையை நாடியமை மக்கள் தாமாகக் கொண்ட தெரிவன்று. அது அவர்கள்மீது சுமத்தப்பட்டது. நிர்ப்பந்தத்திலும் பனையின் பயனை மீட்டெடுத்த மக்களின் படைப்பாற்றல் போற்றத்தக்கதே. ஆனால் அத்தடையைப் பசுமை வாழ்வாக இன்று மெருகூட்டுவது, பட்டினியை நோன்பென்பதற்கு ஒப்பாகும்.

இன்று வேம்பும் மஞ்சளும் வண்ணப் பெட்டிகளில் அடைபட்டு, உயர்ந்த விலையில், உழைப்போரின் முற்றத்திலிருந்து சந்தைக்குச் சென்று மீள்கின்றன. 'இயற்கை' என்னும் சொல்லே பண்டமாகிவிட்டது. எண்ணெயும் காரமும் வினைபுரிந்து பிறக்கும் சவர்க்காரத்தை இயற்கை எனலாமா, செயற்கை எனலாமா என்று வினவினால், இவ்விருமைப் பிரிவின் வலுவின்மை புலனாகும். இயற்கைப் பொருளென்பதனால் தீங்கின்மை உறுதியாவதுமில்லை. வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்று சேர்க்கப்பட்டமையை 2019 இல் ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தனர். மறுபுறம், வெண்மையூட்டும் களிம்புகள் சிலவற்றிற் காணப்பட்ட பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கவல்லது. 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்ந்த அழகுசாதனங்களையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. ஆகவே பொருளின் பெயரைக் காட்டிலும், அதில் அடங்கியுள்ளது யாது, அதைச் சோதிப்பவர் யார், இலாபம் யாரைச் சேர்கின்றது என்பனவே முதன்மையான வினாக்களாகும்.

இவ்வினாக்கள் அளவெட்டியின் அயலிலே கூர்மை பெற்றுள்ளன. சுன்னாகம் மின்னிலையச் சூழலில் கிணற்று நீரில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் கடந்த பத்தாண்டில் மக்கள் போராட்டமாக வெடித்தது. 2019 இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்கு ஆணையிட்டது. சுண்ணக்கல் நிலத்தில், தோட்டத்தில் இடும் அசேதன உரத்தின் நைத்திரேற்றும் கிணற்றை எளிதில் சென்றடைகின்றது. தேர்ந்த மூலிகையால் மேனியைப் பூசுவோரும் அதனை அலம்புவது இந்நீரினாலேயே. தனிமனிதர் தம் சருமத்துக்கென இயற்கையை வாங்கிக்கொள்ளலாம்; நிலத்தடி நீரைத் தனித்தனியே வாங்கிக் காத்தல் இயலாது. முன்னர் பொதுக் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காகப் போராடிய மண்ணில், அக்கிணற்று நீரின் தூய்மைக்கான போராட்டம் அதன் தொடர்ச்சியே எனலாம். மேனியின் நலன் அப்பொது உடைமையின் நலனிலேயே தங்கியுள்ளது.