ஏணியில் நின்றவர் செய்த கருவி

படிக்கிற காலத்தில் ரெண்டு வருஷம் கண்ணாடி துடைக்கிற வேலை பார்த்தேன். முதல் நாள் இருப்பதிலேயே அகலமான பிரஷ்ஷை எடுத்தேன். மேஸ்திரி சிரித்தார். "பிரஷ் அழுக்கைக் கிளப்பும், அவ்வளவுதான். தண்ணிய வழிக்க ரப்பர் வேணும் தம்பி."

அவர் நீட்டிய 'டி' வடிவ வைப்பரின் கதை பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் புழங்கியது 'சிகாகோ' வைப்பர். கனத்த எஃகு, ரப்பர் மாற்ற 12 திருகாணி கழற்றணும். ஏணி மேல் நிற்பவர் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? இத்தாலியிலிருந்து போய், கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜன்னல் துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனி, லேசான பித்தளையில் ஒற்றை ரப்பர் கோர்த்து 1936இல் காப்புரிமை பெற்றார். துடைக்கிறவரே செய்தார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மேஸ்திரி ரப்பர் விளிம்பை விரலால் தடவுவார். மழுங்கியிருந்தால் உருவி, திருப்பிச் செருகி, அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார்.