கரைவலையும் உடலுரமும்

சுவர் இருந்தாலன்றோ சித்திரம்! புத்தளம் மாவட்டத்து உடப்பிலே நம் முன்னோர்க்குத் தேகப்பயிற்சிச் சாலையாய் அமைந்தது கரைவலையே. தோணி கடலில் வளைத்து விட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையினர் அம்பா பாடி இழுப்பர். கால் மணலிற் புதையும். இடுப்பும் தோளும் ஒருங்கே உழைக்கும். பாட்டு எல்லோர் மூச்சையும் ஒன்றாக்கும்.

கடலோர ஊர்களின் உரம் விளையாட்டிலும் வென்றது. 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போய்த் திரும்பியும் நீந்தினார்.

பிற்காலத்திற் பல கரைகளில் உழவு இயந்திரமும் வலையிழுக்க வந்தது. தோளுக்கு ஓய்வு நன்றே. ஆயின் உரமும் அம்பாவும் ஓய்தல் ஆகாது. மேசையடியிற் கற்கும் நாம் மாலையில் மைதானம் இறங்குவோம். முதியோர் நாவில் எஞ்சிய அம்பாவையும் எழுதிவைப்போம்.