நாலாய் மடித்த கயிறு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பலா மரம் இருந்தது. அக்காளின் கல்யாணத்துக்காக அதை விற்க நேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. மரத்தை வெட்டிச் சாய்த்ததும், வியாபாரி அடிமரத்தின் நடுவில் ஒரு சணல் கயிற்றைச் சுற்றினார். சுற்றிய கயிற்றை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடித்து, அந்த நீளத்தை அடிக்கோலில் வைத்துப் பார்த்தார்.

"அதென்ன, நாலாய் மடிக்கிறீர்?" என்று கேட்டார் அப்பா.

"அது வழக்கமுங்க" என்றார் வியாபாரி.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனாலும் வழக்கம் என்ற சொல்லுக்கு முன்னால் அவருடைய கணக்கு வாயடைத்துப் போயிற்று. பணத்தை வாங்கிக்கொண்டார். அன்று இரவு என் சிலேட்டை எடுத்து ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு, "நூற்றுக்கு இருபத்தொன்றரை போயிற்று" என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்த வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டென்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1736ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹாப்பஸ் என்பவர் ஒரு வாய்ப்பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். மரத்தின் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடு; அதை அதாலேயே பெருக்கு; பிறகு நீளத்தால் பெருக்கு. இதுதான் அதன் அடிப்படை. எட்டடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள கட்டை இந்த முறைப்படி 40 கன அடி. உருண்டையாகவே வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 51 கன அடி. நடுவே 11 கன அடியைக் காணோம்! கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது ஓரங்கள் சேதமாகும், அதற்குக் கழிவு என்பது சமாதானம். நியாயமான சமாதானந்தான். ஆனால் அந்தக் கழிவை யார் தலையில் கட்டுவது என்பதைக் கயிறு பிடித்தவரே தீர்மானித்தார்.

கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் வெட்டுவதற்காகவே அளந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1852ல் ஆங்கிலேயர் பர்மாவின் பெகுப் பகுதியைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே கைக்கு வந்திருந்த தெனாசரிம் காடுகளில், உரிமம் பெற்ற வியாபாரிகள் வெட்டித் தீர்த்ததில் தேக்கு அருகிப் போயிருந்தது. பெகுவுக்கும் அந்தக் கதி வராமல் பார்த்துக்கொள்ள, 1856ல் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவர நூல் அறிஞரை நியமித்தார்கள். காட்டில் எத்தனை மரம் இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? பிராண்டிஸ் யானை மீது ஏறிப் புறப்பட்டார். இடது கையில் நான்கு மூங்கில் குச்சிகள். வலது கையில் பேனாக்கத்தி. ஆறடியும் அதற்கு மேலும் சுற்றளவுள்ள தேக்குக்கு ஒரு குச்சி. நாலரை முதல் ஆறடி வரை ஒன்று, ஒன்றரை முதல் நாலரை வரை ஒன்று, அதற்கும் சிறியவற்றுக்கு ஒன்று. வழியில் மரத்தைக் கண்டால் உரிய குச்சியில் ஒரு வெட்டு. மழைக்காட்டில் காகிதம் நனைந்துவிடும்; மூங்கிலுக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர 24 ஆண்டு ஆகும் என்று கணித்தார். ஆகவே முதல் வகுப்பு மரங்களில் ஆண்டுக்கு 24ல் ஒரு பங்குதான் வெட்டலாம் என்றார். "இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை" என்று சொல்ல ஓர் அளவு பயன்பட்டது. ஆனால் அந்தக் காடுகளில் காலங்காலமாகப் புனம் வெட்டிப் பயிரிட்ட கரேன் மக்களுக்கு அதே கணக்கு வேறு முகம் காட்டிற்று. தேக்கு சர்க்கார் சொத்தாயிற்று. அவர்களைக் கொண்டே புனங்களில் தேக்கு நடச் செய்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு நண்பரின் மலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மாணவன் மூன்று கால் தாங்கியின் மேல் சிறு பெட்டி ஒன்றை வைத்து மரத்தை அளந்துகொண்டிருந்தான். லேசர் கருவியாம். 1960ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதன்முதலில் ஒளிரச் செய்த லேசர் இன்று காட்டுக்குள் வந்துவிட்டது. பெட்டியிலிருந்து புறப்படும் ஒளி மரத்தில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறார்கள். ஒளி ஓர் அடி போக, ஒரு விநாடியை நூறு கோடியாய்ப் பிரித்ததில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதையும் நுணுக்கிப் பார்க்கிறது அந்தப் பெட்டி! ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் தெரியாது. எனவே மரத்தைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். காற்றில் கிளை ஆடினாலும் கணக்குக் குழம்பும். கடைசியில் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆன மரம் ஒன்று திரையில் எழுந்து நிற்கிறது. எங்கள் பலாவைப் போல அது விழவேண்டியதில்லை. 2018ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே இப்படி ஒரு லேசர் கருவியை அனுப்பி, உலகத்துக் காடுகளை மேலிருந்து அளந்தார்கள்.

"இந்த மரத்தில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், சார்" என்றான் மாணவன். கார்பனுக்கு இப்போது விலை உண்டு. நிற்கிற காட்டையே கணக்குப் பார்த்து விற்கிறார்கள்.

"லேசர் எடையைச் சொல்லுமா, தம்பி?"

"கன அளவைத்தான் சார் சொல்லும். அதை மரத்தின் அடர்த்தியால் பெருக்குகிறோம்."

"அடர்த்தியை யார் அளந்தார்கள்?"

"புத்தகத்தில் இருக்கிறது, சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறொரு வாய்ப்பாடு! கயிறு போய் ஒளி வந்தாலும், மடிக்கிற இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பிள்ளை வழக்கம் என்று சொல்லி நழுவவில்லை. எந்தப் புத்தகம், எந்தக் காட்டு மரத்தைக் கொண்டு கண்டது, எவ்வளவு தவறு நேரக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம் காட்டியிருப்பேன்.